மூச்சு விடாமல் சொன்ன உரிமை

எங்கள் தெருவுக்குச் சுனாமி அலை வரவில்லை. முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த வருடம் இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மறுத்தார்கள். கடற்கரைக் குப்பங்களில் வீடும் படகும் ஆளுமாகப் போனது உண்மை. அந்தத் துக்கத்தை அவர்கள்தான் சொல்ல வேண்டும், நான் எடுத்துச் சொல்வது முறையல்ல. எங்களுக்கும் கடலுக்கும் நடுவே பெரிய ரோடு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் உப்பளம். கால்வாய் வழியாக ஏறிய தண்ணீர் உப்புப் பாத்திகளை எல்லாம் சேற்றால் மெழுகிவிட்டு, தெருவைத் தொடாமலே திரும்பிப் போனது. அந்தப் பருவத்து உப்பில் பாதி போச்சு, அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று இப்போது சொல்கிறேன். அப்போது வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடாக இருந்தது.

ஆனால் எங்கள் மரக்காணத்துக்கு வண்டி வண்டியாக வந்து இறங்கிய நல்லவர்களுக்கு அலையைப் பார்த்த பிள்ளைகள் வேண்டியிருந்தது. குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்த கிரேயான் பெட்டிகள் எங்கள் தெருவுக்கு வந்தன. அலையை வரையச் சொன்னார்கள். வரைந்தால் பெட்டியை நாமே வைத்துக்கொள்ளலாம் என்றால் யார்தான் வரைய மாட்டார்கள்? நான் பனைமர உயரத்துக்கு ஓர் அலை வரைந்தேன். தாளில் இடம் மீதி இருந்ததால் மேலே ஒரு விமானமும் வரைந்தேன். அதைப் பார்த்த ஓர் அம்மா விமானத்தின் மேல் விரலை வைத்து, "தப்பிச்சுப் பறந்து போயிடணும்னு தோணுச்சாம்மா?" என்று கண் கலங்கினார். நல்ல அம்மா. அவர் மனதை நோகடிக்க விரும்பாமல் ஆமாம் என்றேன். எனக்கு மட்டும் இன்னொரு பெட்டி கிடைத்தது.

கிரேயான்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போன பிறகு வந்தவள்தான் அக்கா.

அவள் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வருவாள். காலேஜ் முடித்த கையோடு ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் குழந்தை உரிமைகளைப் பற்றிச் சொல்லித்தர அனுப்பப்பட்டவள். தலையில் முக்காடு, தோளில் ஜோல்னாப் பை, பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுருட்டிய சார்ட்டுகள். பெண் வேலைக்குப் போவது அவளுடைய அப்பாவுக்கு, அவள் வாய்வார்த்தையில் அத்தாவுக்கு, பிடிக்காதாம். "வேல இல்லத்தா, கிளாஸ் எடுக்கப் போறேன்" என்று சொல்லித்தான் சம்மதம் வாங்கியிருந்தாள். வேலை என்றால் கூடாது, கிளாஸ் என்றால் பரவாயில்லை. பின்னால் இதை அவளே எங்களிடம் சொன்னபோது யாருக்கும் ஆச்சரியமாக இல்லை. எங்கள் வீடுகளிலும் அதே சட்டம்தான் நடந்துகொண்டிருந்தது.

வகுப்பு நடந்தது புயல் பாதுகாப்புக் கூடத்தில். புயல் வராத நாட்களில் அது ஆடுகளின் பாதுகாப்புக் கூடம். சிமெண்டுத் தரை, பெரிய கதவு, தெருக்குழாய்ப் பக்கம் பார்த்து, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கம்பி ஜன்னல். ஆடுகளை விரட்டிவிட்டு, உப்புச் சாக்குகளை விரித்துச் சாயங்காலம் உட்காருவோம். வந்தவர்கள் எல்லோரும் பெண் பிள்ளைகள். பையன்களுக்கு உரிமையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவர்கள் அந்த நேரத்தில் உப்பு கொட்டி வைக்கும் மேட்டில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வாழும் உரிமை, பாதுகாப்பு உரிமை, வளர்ச்சி உரிமை, பங்கேற்பு உரிமை. அக்கா சொல்வாள், நாங்கள் திருப்பிச் சொல்வோம். கடைசியில் பிஸ்கட். எந்த உரிமை எங்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, பிஸ்கட்டுக்கு முன்னால் வருவது பங்கேற்பு உரிமை என்பது நன்றாகப் புரிந்துவிட்டது.

முதல் பாடமே குழந்தை என்றால் யார் என்பதுதான். பதினெட்டு வயது நிறையாதவர்கள் எல்லோரும் குழந்தைகள் என்று சார்ட்டில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளுக்கு வயது பதினேழுதான். அவளும் குழந்தையா என்று கேட்டோம். அக்கா சார்ட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, "ஆமா, குழந்தைதான்" என்றாள். அப்படியென்றால் அவளுக்கும் பிஸ்கட் உண்டே. நியாயமான பிள்ளைகள் நாங்கள். நேரே போய், "வாங்கண்ணி, உங்களுக்கும் கிளாஸ் இருக்குது" என்று அழைத்தோம். அவளுடைய மாமியார் துடைப்பத்தைக் கையில் எடுத்ததும் பாதுகாப்பு உரிமையை நினைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டோம்.

ஓடிவந்தோம் என்று எழுதிவிட்டேன். உண்மையில் மற்றவர்கள் ஓடினார்கள், நான் வேகமாக நடந்தேன். எனக்குப் பதின்மூன்று வயது. அந்த வருடம்தான் வயசுக்கு வந்திருந்தேன். அதற்கு முன்னால் எங்கள் தெருவில் என்னை ஓட்டத்தில் பிடித்தவர்கள் கிடையாது, பையன்கள் உட்பட. மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடித்த கையோடு அம்மா என் கால்களுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். ஓடாதே, குதிக்காதே, பல் தெரியச் சிரிக்காதே, காலை அகட்டி உட்காராதே. எதைக் கேட்டாலும் "நீ இன்னும் கொழந்தையா?" என்பாள். ஒரு வாரத்துக்கு முன்னால் வரை குழந்தையாக இருந்தவள் எப்படித் திடீரென்று இல்லாமல் போனேன் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அந்தக் கோபம் அம்மாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து. அதனால் அதை அவளிடமே செலவழித்தேன். அவளிடம் கையிருப்பு அதிகம் இருந்ததால் எப்போதும் அவளே ஜெயித்தாள்.

அந்த வருடம் எனக்கு வேண்டியிருந்தது வேறொன்றுமில்லை. மூச்சு வாங்க ஓட வேண்டும், யாரையாவது தொட வேண்டும், தொட்டுவிட்டுப் பிடிபடாமல் திரும்பி வர வேண்டும்.

ஒருநாள் அக்கா புது சார்ட் ஒன்றை ஆணியில் மாட்டினாள். ஓய்வெடுக்கவும் விளையாடவும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை உண்டு என்று அதில் இருந்தது. பக்கத்தில் பந்தைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் ஒரு பெண்ணின் படம்.

"நீங்கள்லாம் சாயந்திரத்துல என்ன விளையாட்டு விளையாடுவீங்க?" என்று அக்கா கேட்டாள்.

என் பக்கத்து வீட்டுக்காரியும் நானும் ஒரே வகுப்பு. வாய் கொஞ்சம் நீளம் அவளுக்கு. "சாயந்திரத்துல நாங்க இங்கதானேக்கா இருக்கிறோம், உங்க கிளாஸ்ல" என்றாள்.

அக்கா கொஞ்சம் தடுமாறினாள். "சரி, கிளாஸ் இல்லாத அன்னிக்கு?"

"தண்ணி புடிப்போம். சோறு வடிப்போம்."

"விளையாடவே மாட்டீங்களா?"

"கிளாஸ்னா வுடுவாங்கக்கா" என்றேன் நான். "வெளையாட்டுன்னா வுட மாட்டாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். சார்ட்டில் இருந்த பந்துக்காரியைப் பார்த்தாள். அவளுடைய அத்தா அப்போது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "சரி, என்ன விளையாடலாம்?" என்று கேட்டாள்.

யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் "சடுகுடு" என்று கத்திவிட்டேன்.

சாக்குகளை இரண்டு பக்கமும் நெருக்கி விரித்து, நடுவில் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு கட்சி பிரித்தோம். அப்புறம்தான் வில்லங்கம் புரிந்தது. சடுகுடுவில் எதிர்க்கட்சிக்குள் பாடிக்கொண்டு போகிறவள், மூச்சு விடாமல் "சடுகுடு சடுகுடு" என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். அது எல்லோர் காதிலும் விழ வேண்டும். விழாவிட்டால் மூச்சு விட்டுவிட்டாள் என்று சண்டை வரும். எங்கள் கூடத்துக் கம்பி ஜன்னலுக்கு நேர் வெளியே தெருக்குழாய். சாயங்காலம் தண்ணீர் வரும் நேரம். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு எல்லோருடைய அம்மாக்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரிதான் வழி கண்டுபிடித்தாள். "சடுகுடுன்னு சொன்னாத்தானே மாட்டிக்குவோம்? உரிமைன்னு சொல்லிக்கினு போவலாம்."

அப்படித்தான் மரக்காணத்துக் கரையில் அந்த ஆட்டம் பிறந்தது. கோட்டில் நின்று மூச்சை இழுத்துப் பிடித்து, "உரிமை உரிமை உரிமை உரிமை" என்று பாடிக்கொண்டு எதிர்க்கட்சிக்குள் பாய்வோம். மாட்டிக்கொண்டால் உரிமை பறிபோச்சு. செத்தவள் திரும்ப உள்ளே வந்தால் உரிமை மீட்பு. ஒரு கட்சி மொத்தமாகத் தோற்றால் எல்லோரும் சேர்ந்து "பங்கேற்பு உரிமை!" என்று கூவுவோம். ஏன் என்று கேட்காதீர்கள், கூவ நன்றாக இருந்தது. அக்காவும் துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டிக்கொண்டு ஆடினாள். முதல் தடவையே என் கணுக்காலைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டாள். உரிமையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததை விடச் சடுகுடுவைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது.

வெளியே குழாயடியில் அம்மாக்கள் பூரித்துப்போனார்கள்.

"எம்மாம் சத்தமா படிக்குதுங்க பாரேன். பள்ளிக்கூடத்துல கூட இப்பிடிப் படிக்கல."

"ஒம் பொண்ணு கொரலுதான் நீளமா கேக்குது" என்று யாரோ அம்மாவிடம் சொல்வார்கள். "எடுத்தா வுட மாட்டேங்கிறாளே."

அம்மாவுக்குப் பெருமை பிடிபடாது. அவள் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தவள் கூட இல்லை. விடிவதற்கு முன்னால் உப்பளத்துக்குப் போய், வெயில் ஏறும் வரை உப்புக் கூடை சுமந்துவிட்டு வருகிறவள். அவளுக்குத் தெரிந்து இந்தக் குடும்பத்தில் இவ்வளவு சத்தமாக யாரும் எதையும் படித்ததில்லை. அன்றைக்கு இரவு சோற்றில் எனக்கு மட்டும் ஒரு துண்டு கருவாடு அதிகமாக விழுந்தது. நான் கூச்சமே இல்லாமல் தின்றேன்.

சாக்கு விரித்திருந்தாலும் சிமெண்டு சிமெண்டுதான். எல்லோருக்கும் முட்டியில் தோல் பேந்தது. பாவாடையை இறக்கிவிட்டுக்கொண்டு சமாளித்தோம். ஆனால் உப்பளத்தில் எந்தப் பொய்யை வேண்டுமானாலும் சொல்லலாம், காயத்தை மட்டும் மறைக்க முடியாது. பாத்திகளில் சேறு வாரி முடித்து, தாமதமாக உப்பு எடுக்கத் தொடங்கியிருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். வரப்பில் கால் வழுக்கி, பாத்திக்குள் முழங்காலிட்டு விழுந்தேன். அந்தத் தண்ணீர் முட்டியில் பட்டதும் நான் போட்ட கூச்சல் ரோட்டில் போன பஸ்காரனுக்கே கேட்டிருக்கும்.

அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். குடிக்க வைத்திருந்த தண்ணீரை முழுக்க என் முட்டியில் ஊற்றினாள். ஊற்றி முடித்த பிறகுதான் கண்ணால் பார்த்தாள்.

"இன்னாடி இது, ரெண்டு முட்டியும் இப்பிடிப் பேந்து கெடக்குது?"

"கிளாஸ்லம்மா."

"கிளாஸ்ல ஒக்காந்துதானே படிக்கிறீங்க? உரிமை படிச்சா முட்டி எப்பிடிடி பேந்துபோவும்?"

"போராடித்தான் வாங்கணும்னு அக்கா சொன்னாங்கம்மா."

கூடை சுமந்து வந்த பெண்கள் அங்கேயே நின்று சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. முக்கால்வாசி நம்பினாள், கால்வாசி சந்தேகப்பட்டாள். "சும்மா படிச்சா போதும். போராட்றதெல்லாம் அந்த அக்காவையே பண்ணச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் மீதிக் கூடைகளைச் சுமக்கப் போனாள்.

குட்டு உடைந்தது ஒரு நல்ல நாளில். வகுப்பைப் பார்வையிட நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய சார் வந்தார். அம்மாக்கள் எல்லோரும் குளித்து, பவுடர் பூசி, பூ வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்திருந்தார்கள். ஆடுகளைத் தூரமாகக் கட்டியிருந்தார்கள். தரையிலிருந்த சாக்பீஸ் கோட்டை அக்கா காலையிலேயே வந்து கழுவித் தேய்த்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் அவளுக்குத்தான் பரீட்சை என்று தெரிந்தது.

நாங்கள் உரிமைகளை ஒப்பித்தோம். பழக்கதோஷத்தில் ஒருத்தி கூட நடுவில் மூச்சு விடவில்லை. பெரிய சார் அசந்துபோனார். "குழந்தைகள் ஒரே மூச்சில் சொல்கிறார்களே!" என்று அக்காவிடம் கேட்டார். "ஆர்வம் சார்" என்றாள் அக்கா, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

அதோடு அவர் உட்கார்ந்திருக்கலாம். பெரியவர்கள் உட்கார மாட்டார்கள். முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டுக்காரியின் தங்கையை, முன்பல் விழுந்த ஒன்றாம் வகுப்புக் குட்டியை, அருகில் கூப்பிட்டார். "உனக்கு எந்த உரிமை மிகவும் பிடிக்கும் பாப்பா?"

"வெளையாடுற உரிமை."

"பிரமாதம்! எங்கே விளையாடுவாய்?"

"இங்கதான். அக்கா கதவ சாத்திடுவாங்க. நாங்க சடுகுடு ஆடுவோம். வெளிய கேட்டா படிக்கிற மாரி இருக்கும்."

பெரிய சார் கைதட்டினார். அவர் ஒருவர்தான் தட்டினார். எனக்குப் பின்னால் இருந்த அம்மாக்கள் வரிசையில் வளையல் சத்தம் கூட இல்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பாமலே அம்மாவின் பார்வை என் பின்கழுத்தில் எந்த இடத்தில் விழுகிறது என்று சொல்லியிருக்க முடியும்.

வீடு வரை அம்மா என்னை முன்னால் நடக்கவிட்டுப் பின்னாலேயே வந்தாள். வாசலில் நின்று, "நாளையிலேருந்து கிளாசும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றாள். அப்புறம் உள்ளே போனவள் திரும்ப வந்து, "நீளமா படிக்கிறா நீளமா படிக்கிறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன்டி" என்றாள். அவள் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். எல்லா வீட்டிலும் அன்றைக்கு இதேதான் நடந்தது. அதற்குப் பிறகு யாரும் வகுப்புக்குப் போகவில்லை.

நான் போராட்டத்தில் இறங்கினேன். பங்கேற்பு உரிமையின்படி என்னிடம் கருத்துக் கேட்கும் வரை சாப்பிடப் போவதில்லை என்று அறிவித்தேன். "கருத்தா? சொல்லு, கேக்கிறேன்" என்றாள் அம்மா. எனக்கு ஆட வேண்டும் என்றேன். "சொல்லிட்டியா? சரி, வெங்காயத்த உரி." கருத்துக் கேட்ட பிறகு அதை என்ன செய்ய வேண்டும் என்று அக்காவின் சார்ட்டில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வேறு. என் உண்ணாவிரதம் குழம்பு கொதித்து வாசனை வரும் வரை தாக்குப்பிடித்தது. அப்பாவிடம் முறையிட்டுப் பார்த்தேன். உப்பு வாரும் பலகையைக் கழுவிக்கொண்டே, "ஒங்கம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். வீட்டில் அவருடைய பங்கேற்பும் அவ்வளவுதான்.

அக்கா மட்டும் வழக்கம்போல் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள். கூடத்துக் கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, சாக்கில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஆடுகள் திரும்ப உள்ளே வந்துவிட்டன. நான் குழாயடித் திண்டில் குடத்தோடு ஏறி நின்று ஜன்னல் வழியாக அவளைப் பார்ப்பேன். வகுப்புக்குப் பிள்ளைகள் வரவில்லை என்றால் அவளையும் நிறுத்திவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அத்தாவிடம் மறுபடி கிளாஸ் என்று சொல்ல அக்காவுக்கு ஒன்றும் இருக்காது. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அவளுக்காகவா எனக்காகவா என்று பிரித்துப் பார்க்க அப்போது தோன்றவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து வெடித்த உள்ளங்காலுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியவள், அப்படியே நின்றேன்.

"தப்பு என் மேலதாம்மா" என்றாள் அக்கா. "உங்ககிட்ட சொல்லிட்டு செஞ்சிருக்கணும்."

"சொல்லியிருந்தா வுட்டிருப்பேனா?"

"விட்டிருக்க மாட்டீங்க."

"அப்ப சொல்லாததுதான் சரி. ஒக்காரு."

அக்காவுக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை. படியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மா எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"வெளையாட்றதுக்கெல்லாமா சட்டம் போட்டு வெச்சிருக்கிறாங்க?"

"ஆமாம்மா. எத்தனையோ நாடுங்க ஒத்துக்கிட்டது. நம்ம நாடும் ஏத்துக்கிச்சு."

"எங்கிட்ட யாரும் கேக்கலியே."

"உங்ககிட்ட கேட்டிருக்கணும்தாம்மா."

"கொழந்தைங்களுக்குன்னுதானே போட்டிருப்பாங்க? இவ கொழந்தையா? வயசுக்கு வந்துட்டாம்மா."

"வந்தாலும் குழந்தைதான். பதினெட்டு முடியற வரைக்கும்."

"கல்யாணம் ஆயிட்டா?"

"பதினெட்டுக்குள்ளன்னா அப்பவும் குழந்தைதாம்மா."

"புள்ள பெத்துட்டா?"

அக்கா ஜோல்னாப் பையின் வாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்பவும்தாம்மா" என்றாள் மெதுவாக.

அம்மாவின் கை உள்ளங்காலிலேயே நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். எதையோ மனதுக்குள் கழித்துப் பார்க்கிறவள் மாதிரி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ பொறந்தப்போ எனக்குப் பதினேழு" என்றாள். "வரப்போரம் தூளி கட்டி இவளப் போட்டுட்டுத்தான் கூடை தூக்கினேன். அப்ப நானும் கொழந்தைதானா?"

"ஆமாம்மா."

"யாரும் சொல்லலியே."

அதைக் குறையாகக் கூட அவள் சொல்லவில்லை. ரேஷன் கடையை மூடிய பிறகு, மண்ணெண்ணெய் போட்டார்களாமே என்று கேள்விப்பட்டவள் மாதிரி சொன்னாள். அத்தனை நாள் அவள் மேல் வைத்திருந்த கோபத்தைத் தேடிப் பார்த்தேன், கையில் அகப்படவில்லை. என்னை விடக் கொஞ்சம்தான் பெரியவளாக, பாவாடை தாவணியோடு, ஓட ஆசைப்பட்டிருக்கக் கூடிய ஒரு பெண்ணாக அவளை நான் அதுவரை ஒருதரம் கூட நினைத்துப் பார்த்ததில்லை.

அக்கா அவசர அவசரமாக, "பெரியவங்களுக்கும் உரிமை இருக்குதும்மா. ஓய்வெடுக்கிறதுக்கு, வேலை செய்யற எடத்துல நல்ல தண்ணி, கக்கூஸ், நெழலு..." என்று தொடங்கினாள்.

"அது இருக்கட்டும்" என்று அம்மா கையமர்த்தினாள். "வெளையாட்டு பதினெட்டோட முடிஞ்சிருமில்ல?"

"அது வந்து... சட்டத்துல அப்படி எழுதியிருக்காங்களே தவிர, முடிஞ்சிரும்னு..."

"முடிஞ்சிரும்" என்றாள் அம்மா. சட்டத்தை எழுதியவர்களே வந்து மறுத்திருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள். எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்திவைத்துவிட்டு எழுந்து வந்து, என் இடுப்பிலிருந்த குடத்தைப் பிடுங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாடி மரம் மாரி நிக்கிற? தண்ணிய நான் புடிச்சிக்கிறேன். அந்தப் பொண்ணுங்களயும் கூட்டிக்கினு போ. போய் ஆடு. சீக்கிரம் போடி, முடிஞ்சிரப் போவுது."

நான் தெரு நடுவில், எல்லோரும் பார்க்க, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். ஓடாதே என்ற குரலுக்காகப் பின்னால் ஒரு காதை வைத்துக்கொண்டே ஓடினேன். அது வரவில்லை.